வாங்கத் தெரியும்... விற்க?

“எதை வாங்கலாம் சார்?”

பங்குச் சந்தை பற்றி நாலு வார்த்தை தெரிந்தவர் என்று யாராவது அகப்பட்டால், நம் ஜனங்கள் கேட்கிற முதல் கேள்வி இதுதான். கடைசிக் கேள்வியும் இதுதான்! கல்யாணப் பந்தியில் ரசம் வருவதற்குள் பக்கத்து இலைக்காரர் மூணு கம்பெனி பெயராவது கறந்துவிடுவார். “என்கிட்ட இருக்கிற இதை எப்ப விக்கலாம்?” என்று கேட்டவர் ஒருத்தரைக் காட்டுங்கள், மாலை போடுகிறேன்.

டிப்ஸ் தருகிற புண்ணியவான்களும் இதற்குச் சளைத்தவர்கள் இல்லை. வாங்கச் சொல்லி ராத்திரி பதினோரு மணிக்கு போன் வரும். விற்க வேண்டிய நாளில் அந்த போன் ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’.

1993-ல் இன்ஃபோசிஸ் பங்கு வெளியிட்டது. விலை 95 ரூபாய். சீந்துவார் குறைவு, மார்கன் ஸ்டான்லி கைகொடுத்துத்தான் கரையேற்றியது. சந்தைக்கு வந்தபோது விலை 145. உடனே விற்றவருக்குப் பங்குக்கு 50 ரூபாய் லாபம், வீட்டில் பாயசம். போனஸ், ஸ்பிளிட் என்று அது குட்டி போடட்டும் என்று விட்டுவைத்தவர், நூறே பங்கு வைத்திருந்தாலும், பிற்பாடு கோடீஸ்வரர். இரண்டு பேரும் வாங்கியது அதே 95-க்குத்தான் என்பதைக் கவனிக்கவும்.

இன்னொரு ரகம். 2008 ஜனவரியில் ரிலையன்ஸ் பவர் வெளியீடு. 450 ரூபாய் விலை. சின்ன முதலீட்டாளருக்கு 20 ரூபாய் தள்ளுபடி. திருப்பதி க்யூ மாதிரி கூட்டம். பிப்ரவரியில் சந்தைக்கு வந்த முதல் நாளே 372.50-ல் முடிந்தது. “போட்ட காசு வரட்டும், அன்னிக்கே வித்துடறேன்” என்று சபதம் செய்தவர்கள் எத்தனை பேர்! நாம் 430 கொடுத்தோம் என்பது நமக்கும் நம் டீமேட் கணக்குக்கும் நடுவே உள்ள ரகசியம். சந்தைக்கு அதைப் பற்றி என்ன கவலை?

இந்த வியாதி நமக்கு மட்டும் இல்லை. டெரன்ஸ் ஓடீன் என்கிற அமெரிக்கப் பேராசிரியர் 1998-ல் வெளியிட்ட ஆய்வில் பத்தாயிரம் கணக்குகளைக் குடைந்து பார்த்தார். லாபத்தில் இருக்கிற பங்கைச் சட்டென்று விற்கிறார்கள், நஷ்டத்தில் இருப்பதைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். அப்படி விற்ற பங்குகள், விற்காமல் வைத்திருந்த நஷ்டப் பங்குகளைவிட அடுத்த ஒரு வருஷத்தில் நன்றாகவே போயின. நன்றாகப் படிக்கிற பையனை ஸ்கூலை விட்டு நிறுத்தி, ஃபெயிலான பையனுக்கு மேலும் மேலும் டியூஷன் வைத்த கதை. (அந்த டியூஷனுக்கு நம்மூரில் ‘ஆவரேஜ் பண்றது’ என்று பெயர்.)

பெண் கல்யாணத்துக்கென்று வைத்த 2 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து சதவிகிதம் இறங்கியதும் வெளியே வந்தால் 1.80 லட்சம் மிச்சம். பழைய இடத்துக்கு வர 11 சதவிகிதம் கொஞ்சம் கூட சம்பாதித்தால் போதும். “ஏறும் ஏறும்” என்று பார்த்துக்கொண்டே இருந்து பாதியானால்? ஐம்பது சதவிகிதம் போனதுக்கு ஐம்பது வந்தால் சரியாயிற்று என்று நினைக்காதீர்கள். நூறு சதவிகிதம் வேண்டும்! அதற்குள் பேத்திக்குக் காது குத்துகிற வயசு வந்துவிடும்.

“அதான் ஸ்டாப் லாஸ் இருக்கே?” என்பீர்கள். இருக்கிறது, போடுங்கள். ஆனால் 2009 ஜனவரி 6-ந் தேதி சத்யம் சுமார் 179 ரூபாய்க்கு முடிந்தது. மறுநாள் கம்பெனித் தலைவரே கணக்கில் தில்லுமுல்லு என்று கடிதம் எழுதினார். அன்று முடிந்த விலை 40 ரூபாய் பக்கம். 160-ல் விற்றுவிடலாம் என்று காத்திருந்தவருக்கு அந்த விலையில் வாங்க ஆள் கிடைத்திருக்குமா? வாசல் என்று ஒன்று இருந்தாலும், எல்லாரும் ஒரே நேரத்தில் ஓடினால் நெரிசல்தானே!

அதனால் உள்ளே போகும்போது மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியது விலையைப் பற்றி அல்ல. 178-க்கா, 181-க்கா என்று புரோக்கரோடு மல்லுக்கட்டுகிறவர், எத்தனை பங்கு என்று கேட்டால் “ஒரு ஆயிரம் போடுப்பா” என்று வெற்றிலை வாங்குகிற மாதிரி சொல்லிவிடுகிறார். வாசல் அடைத்துக்கொண்டால் எவ்வளவு போனால் தாங்கும் என்று பார்த்து எண்ணிக்கையை வைக்க வேண்டாமா?

ஒரு இருபது ரூபாய் நோட்டு வாங்குங்கள். வாங்குவதற்கு முந்தின நாள் ராத்திரியே எழுதுங்கள்: எத்தனை பங்கு, எதற்காக வாங்குகிறேன், எந்த விலைக்கு இறங்கினால் விற்பேன், வாங்கின காரணம் பொய்த்துப்போனால் என்ன செய்வேன். எழுதி நோட்டை வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். “இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாமே” என்று நீங்கள் இழுக்கும்போது, அவர் நோட்டைப் பிரித்து உங்கள் கையெழுத்தையே உங்களுக்குக் காட்டுவார்.