சட்டையின் அளவும் சிறுமியின் உடலும்

'மீடியம்' என்று குறித்த சட்டை பொருந்தாவிடில் பதினான்கு வயதுச் சிறுமி சட்டையைக் குறை சொல்வதில்லை. தன் உடலையே வெறுக்கிறாள். ஒரு நிறுவனத்தின் 'மீடியம்' இன்னொன்றில் 'லார்ஜ்' என்பதை அவளுக்கு எவரும் சொல்வதில்லை. இங்கு விற்கும் ஆயத்த ஆடைகள் பெரும்பாலும் அமெரிக்க, பிரிட்டிஷ் அளவுகளைத் தழுவியவை. இந்தியர்க்கென அளவு அட்டவணை வகுக்க, ஆறு நகரங்களில் 25,000 பேரை அளக்கும் திட்டத்தை ஒன்றிய ஜவுளி அமைச்சகம் 2018இல் அறிவித்தது. அதிலும் வயது வரம்பு 15 முதல் 65 வரை. உடல் வேகமாக மாறும் பருவத்துச் சிறுமியர் அந்தக் கணக்கிலேயே இல்லை!

இதனை நடுத்தர வர்க்கத்து மனக்குறை என்று ஒதுக்குவது பிழை. தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019-21) 15-19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. இத்தகைய நாட்டில்தான் இடுப்பளவுக்காக இரவுச் சோற்றைத் தவிர்க்கும் பழக்கம் பரவுகிறது. உடலைப் பற்றிய தாழ்வுணர்வை வளர்க்கும் சந்தையே, எடை குறைக்கும் மாவையும் தேநீரையும் விற்று அதிலும் இலாபம் காண்கிறது.

மாதர், மாணவர் அமைப்புகள் இதனைக் கோரிக்கையாக எடுக்க வேண்டும்: பத்து வயது முதலான சிறுமியரையும் அளந்து, அந்த அளவுகளை நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்க வேண்டும். கூடவே, 'கொஞ்சம் இளைத்தால் நன்றாயிருக்கும்' என்று மகளிடம் சொல்லும் பேச்சு தோழர்களின் வீடுகளிலும் கேட்கிறது. அதை நிறுத்த அரசாணை எதுவும் தேவையில்லை.