தோற்றவர்கள் வாசித்த தீர்ப்பு

டெட்ரொயிட் நகரத்தின் நடுவால போற பெரிய வீதிக்கு வூட்வேர்ட் எண்டு பேர். அகஸ்டஸ் வூட்வேர்ட் ஒரு நீதிபதி. 1805இல் மிச்சிகன், ஐக்கிய அமெரிக்காவின் ஒரு தனிப் பிரதேசமாக ஆக்கப்பட்டபோது அங்கே நியமிக்கப்பட்ட முதல் நீதிபதிகளில் ஒருவர். அவருடைய நீதிமன்றத்துக்கு 1807இல் ஒரு கறுப்பினக் குடும்பம் தங்கள் பிள்ளைகளின் விடுதலையைக் கேட்டு வந்தது. வழக்குத் தோற்றது. அந்தக் குடும்பத்தின் பெயர் டெனிசன்.

அமெரிக்க எல்லைப்புற நீதிமன்றங்களைப் பற்றிக் கதைக்கிற ஆக்கள் பெரும்பாலும் வூட்வேர்டிலதான் தொடங்குவினம். அவர் படிச்சவர், விசித்திரமானவர், அடிமைமுறையைக் கண்டிச்சவர் எண்டு சொல்லுவினம். டெனிசன்களில இருந்து தொடங்கினால்தான் அந்த வழக்கு விளங்கும் எண்டது என்ர அபிப்பிராயம்.

முதலில் 'பிரதேசம்' எண்டால் என்ன எண்டு சொல்லவேணும். இன்னும் மாநிலமாகாத நிலம் அது. ஆரம்பத்தில் அங்கே தெரிவுசெய்யப்பட்ட சட்டசபை கிடையாது. ஓர் ஆளுநரும் மூன்று நீதிபதிகளும் நியமனத்தில் வருவார்கள். அந்த நாலு பேரும் சேர்ந்துதான் சட்டங்களையும் ஏற்படுத்துவார்கள். சட்டம் போடுறதும் அவை, தீர்ப்புச் சொல்லுறதும் அவை. அப்படிப்பட்ட ஒரு இடத்தில், அடிமைகளாகப் பிறந்த பிள்ளைகளுக்காக மனுப் போடுறது எண்டால் எவ்வளவு துணிவு வேணும்?

காகிதத்தில் பார்த்தால் டெனிசன்கள் வெல்ல வேண்டிய வழக்கு அது. 1787ஆம் ஆண்டின் வடமேற்குக் கட்டளைச் சட்டம், ஒகாயோ ஆற்றுக்கு வடக்கே உள்ள நிலத்தில் அடிமைமுறை இருக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருந்தது. ஆனால் டெட்ரொயிட் 1796 யூலை 11 வரை பிரித்தானியரின் கையிலேயே இருந்தது. 1794இல் செய்யப்பட்ட ஜே உடன்படிக்கை, அங்கே குடியிருந்தவர்களின் சொத்துக்களுக்குப் பாதுகாப்புத் தந்தது. அடிமை வைத்திருந்தவர்களின் வாதம் நேரானது: எங்கட சொத்தில மனுசரும் அடக்கம்.

பீற்றர் டெனிசனும் ஹன்னா டெனிசனும் டெட்ரொயிட்டுக்கு வடக்கே வில்லியம் டக்கர் என்பவரின் பண்ணையில் அடிமைகளாக இருந்தவர்கள். 1805இல் டக்கர் இறந்தபோது அவருடைய மரணசாசனம் ஒரு 'தாராளம்' செய்தது. அவருடைய மனைவி இறந்த பிறகு பீற்றருக்கும் ஹன்னாவுக்கும் விடுதலை. பிள்ளைகள் நாலு பேரும் டக்கர் குடும்பத்தின் சொத்தாகவே இருப்பார்கள். தாய் தகப்பனை விட்டுப்போட்டு பிள்ளைகளைப் பிடிச்சு வைக்கிற தாராளம் அது. டக்கரின் மனைவி உயிரோடு இருக்கும்போதே, எலைஜா பிரஷ் என்ற சட்டத்தரணியிடம் ஒரு வருட ஒப்பந்த வேலை செய்து பெற்றோர் இருவரும் விடுதலையடைந்தார்கள். பிறகு அதே பிரஷ்ஷின் உதவியோடு பிள்ளைகளுக்காக நீதிமன்றம் போனார்கள். பிரஷ்ஷின் மாமனார் ஜோன் ஆஸ்கின் அடிமைகளை வைத்திருந்த வியாபாரி என்பதையும் சேர்த்தே சொல்லவேணும். இந்தக் கதையில கை சுத்தமான ஆக்களைத் தேடினால் கொஞ்சப் பேர்தான் கிடைப்பினம்.

அவர்கள் போட்டது ஆட்கொணர்வு மனு. இந்தச் சொல்லை எங்கட வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பிடிச்சு வைத்திருக்கிற ஆளைக் கொண்டுவந்து நிறுத்து, எந்தச் சட்டத்தின் கீழ் வைத்திருக்கிறாய் எண்டு காரணம் சொல்லு எண்டு கேட்கிற மனு. ஆங்கிலச் சட்டத்திலிருந்து அமெரிக்காவுக்கும் வந்தது, இலங்கைக்கும் வந்தது. எங்கட அம்மாமார் கோப்புகளோடு நீதிமன்ற வாசல்களில நிண்டதும் இதே மனுவோடதான்.

1807 செப்டெம்பரில் வூட்வேர்ட் தீர்ப்புச் சொன்னார். அடிமை வியாபாரம் மனித குலம் செய்த மிகப் பெரிய கொடுமைகளில் ஒன்று என்ற கருத்தில் எழுதினார். எழுதிப்போட்டு, உடன்படிக்கை அதைவிட மேலானது என்று பிள்ளைகளை டக்கர் வீட்டுக்கே திருப்பி அனுப்பினார். லிசெட் எண்டு கூப்பிடப்பட்ட எலிசபெத்தும் தம்பிமாரான ஜேம்ஸும் சிப்பியோவும் சாகும்வரை அடிமைகள். கடைசிப் பெடியனான சின்னப் பீற்றருக்கு 25 வயதில் விடுதலை. ஏன் இந்த வித்தியாசம்? டெட்ரொயிட் பிரித்தானியரின் கீழ் மேல் கனடாவோடு இருந்தபோது, 1793இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பிறகு பிறந்த அடிமைப் பிள்ளைகள் 25 வயதில் விடுதலையாவார்கள் என்று அது சொன்னது. ஒரே தாய் வயிற்றில் பிறந்த பிள்ளைகளை ஒரு திகதி பிரித்துப் போட்டது.

கண்டனம் எழுதுறது ஒரு நீதிபதிக்குச் செலவில்லாத காரியம். லிசெட்டுக்கு அந்தக் கண்டனத்தால ஒரு பிரயோசனமும் இல்லை. வூட்வேர்டைக் கொண்டாடுறவை அந்த வரிகளை எடுத்துக்காட்டும்போது, அந்த வரிகளுக்குக் கீழே என்ன கட்டளை இருந்தது எண்டதையும் வாசிக்கவேணும்.

ஆனால் மனுப் போட்டதால ஒரு காரியம் நடந்தது. யாரை அடிமையாக வைத்திருக்கலாம் என்பதை நீதிபதி எழுத்தில் வரையறுக்க வேண்டி வந்தது. 1796இல் பிரித்தானியக் குடியிருப்பாளர்களின் கையில் ஏற்கெனவே இருந்தவர்களை மட்டும் வைத்திருக்கலாம். அமெரிக்காவின் வேறு மாநிலங்களிலிருந்து தப்பி வந்தவர்களைத் திருப்பிக் கேட்கலாம். மற்ற எல்லோரும் சுதந்திரமானவர்கள். அதுவரைக்கும் 'வழக்கம்' எண்ட பேரில் நடந்துகொண்டிருந்த ஒரு அநியாயத்துக்கு இப்போது ஒரு எல்லைக்கோடு வந்துவிட்டது.

ஒரு மாதம் கழித்து, ஒக்ரோபரில், அந்தக் கோடு வேலை செய்தது. ரிச்சர்ட் பட்டின்சன் என்பவர் ஆற்றுக்கு அங்கால, கனடாப் பக்கத்தில் இருந்தவர். அவரிடமிருந்து ஜோசப் குவின், ஜேன் என்ற இருவர் தப்பி டெட்ரொயிட்டுக்கு வந்திருந்தார்கள். அவர்களைத் திருப்பித் தரச்சொல்லி அவர் கேட்டார். வூட்வேர்ட் மறுத்தார். இவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. வேறொரு நாட்டின் அடிமைகளைப் பிடித்துக் கொடுக்க எந்த உடன்படிக்கையும் இல்லை.

இப்ப கணக்கைப் பாருங்கோ. 1793ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மேல் கனடாவுக்குள் புதிதாக அடிமைகளைக் கொண்டுவர முடியாது. இஞ்சால இருந்து அங்கே போனவரை அடிமையாக வைத்திருக்க ஏலாது. பட்டின்சன் தீர்ப்பின்படி அங்கால இருந்து இங்கே வந்தவரையும் திருப்பிப் பிடிக்க ஏலாது. ஒரே ஆறு. எந்தப் பக்கம் கடந்தாலும் விடுதலை. கரையில நிண்டால்தான் அடிமை.

டெனிசன் பிள்ளைகள் இதை விளங்கிக்கொண்டார்கள். லிசெட்டும் அவருடைய தம்பியும் ஆற்றைக் கடந்தார்கள். 1812 அளவில் சுதந்திரமானவர்களாகத் திரும்பி வந்தார்கள். ஒருவரும் அவர்களைப் பிடித்துக் கொடுக்கவில்லை. லிசெட்டுக்கு எழுத வாசிக்கத் தெரியாது, கையெழுத்துக்குப் பதிலாக ஒரு புள்ளடிதான் போடுவார் என்று சொல்லப்படுகிறது. இருந்தாலும் அந்த இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்து வைத்து அவரைப்போல வாசிச்சவை குறைவு.

தகப்பன் பீற்றரையும் மறக்கக் கூடாது. அந்தக் காலத்திலேயே ஆளுநர் வில்லியம் ஹல், கறுப்பின ஆண்களின் ஒரு காவற்படைக்கு அவரைத் தலைவராக்கினார். கனடாப் பக்கத்திலிருந்து தப்பி வந்தவர்களும் அதில் இருந்தார்கள். பிள்ளைகள் அடிமைகள் எண்டு தீர்ப்புச் சொன்ன அரசாங்கம், தன்னைக் காப்பாற்றச் சொல்லித் தகப்பனிட்ட துவக்குக் குடுத்தது.

"அநியாயமான நீதிமன்றத்திட்ட ஏன் போகவேணும்?" எண்டு கேட்கிறவை எங்களுக்குள்ளயும் இருக்கினம். நியாயமான கேள்விதான். டெனிசன்களின் கதையைக் காட்டி, தோற்றாலும் எப்பவும் ஒரு கதவு திறக்கும் எண்டு சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஹரியட் ரொபின்சன் ஸ்கொட் விஸ்கொன்சின் பிரதேசத்தின் ஸ்னெலிங் கோட்டையில், அடிமைமுறை தடைசெய்யப்பட்ட மண்ணில் வாழ்ந்தவர். 1846இல் சென் லூயிஸில் அவர் தன் பெயரிலேயே தனி மனுப் போட்டார். பிறகு அது கணவர் ட்ரெட் ஸ்கொட்டின் வழக்கோடு கட்டப்பட்டு, அவருடைய பெயர் பின்னுக்குப் போய்விட்டது. 1857இல் உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு அவர்களை மட்டும் பாதிக்கவில்லை. கறுப்பினத்தவர்கள் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது எண்டே சொல்லிவிட்டது. சில தோல்விகள் எல்லாருடைய கதவையும் சாத்தும்.

வெற்றிகளும் தனியாக வரவில்லை. 1839இல் அயோவா பிரதேசத்தின் உயர் நீதிமன்றத்துக்கு முன் வந்த முதல் வழக்கு ரால்ஃப் என்பவருடையது. மிசூரியில் அடிமையாக இருந்தவர், 550 டொலர் தந்து விடுதலை வாங்குவதாக ஒப்பந்தம் செய்து டூபியூக் ஈயச் சுரங்கத்துக்கு வந்தார். காசு சேரவில்லை. கூலிக்கு வந்த ஆட்கள் அவரைப் பிடித்துக்கொண்டு போனதைப் பார்த்த அலெக்சாண்டர் பட்டர்வேர்த் என்ற விவசாயி நேரே நீதிபதியிடம் போனார். கடனைக் கட்டத்தான் வேண்டும், ஆனால் கடனுக்காக ஒருவரை அடிமையாக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. பட்டர்வேர்த் அண்டைக்குத் தலையைத் திருப்பிக்கொண்டு தன்ர வேலையைப் பார்த்திருந்தால் அந்த வழக்கே இல்லை.

இன்னுமொண்டு. இந்த நீதிமன்றங்கள் எல்லாம் யாருடைய நிலத்தில இருந்தன? டெனிசன் வழக்கு நடந்த அதே 1807 நவம்பரில், ஆளுநர் ஹல் ஒடாவா, ஒஜிப்வே, வயண்டொட், பொட்டாவடோமி மக்களோடு டெட்ரொயிட் உடன்படிக்கையைச் செய்து தென்கிழக்கு மிச்சிகனின் பெரும் பகுதியை எடுத்துக்கொண்டார். 1825இல் லிசெட் தன் உழைப்பில் 48 ஏக்கருக்கு மேல் காணி வாங்கியதும் அந்த நிலத்தில்தான், பொண்டியாக் எண்ட ஊரில். அது பிரித்தானியரை எதிர்த்துப் போராடிய ஒடாவாத் தலைவர் ஒருவரின் பெயர். லிசெட்டின் விடுதலையும் அந்த மக்களின் இழப்பும் ஒரே மண்ணில கிடக்கு. அதால லிசெட்டின் காணி சின்னதாகப் போகாது. ஆனால் இதைச் சொல்லாமல் அவரைக் கொண்டாடவும் ஏலாது.

லிசெட் பிறகு வீட்டுவேலை செய்து சேர்த்த காசை வங்கிப் பங்குகளிலும் ஒரு நீராவிக் கப்பலிலும் போட்டார். 1866இல் இறந்தபோது, பணக்காரரும் ஏழைகளும் ஒன்றாக இருந்து வழிபட ஒரு தேவாலயம் கட்டச் சொல்லித் தன் சேமிப்பில் பெரும் பங்கை எழுதி வைத்திருந்தார். டெட்ரொயிட் ஆற்றில் உள்ள குறோஸ் ஈல் தீவில் அந்தச் சின்னத் தேவாலயம் இப்பவும் இருக்கு.

வழக்குகளை நீதிபதியின் பெயரில ஞாபகம் வைக்கப் பழகியிருக்கிறம். தீர்ப்போட கதை முடிஞ்சுது எண்டும் நினைக்கிறம். அடுத்த முறை ஒரு பழைய தீர்ப்பை வாசிக்கேக்க இரண்டு கேள்வி கேளுங்கோ: மனுப் போட்டது ஆர்? தீர்ப்புக்கு அடுத்த நாள் அவை என்ன செய்தவை? டெனிசன் பிள்ளைகள் அடுத்த நாளும் டக்கர் குடும்பத்தின் சொத்துத்தான். ஆனால் ஆறு எங்க இருக்கு எண்டு அவைக்குத் தெரியும்.