வாங்கும் கூடை, வழங்கும் கூடை

வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளின் இல்லத்தில் சில மாதங்கள் தங்கித் திரும்பும் பெரியோர்கள் பலர் ஒரு குறையைச் சொல்வதுண்டு. "பேரப் பிள்ளைகள் அன்பாகத்தான் இருக்கிறார்கள், ஆனால் அவர்களோடு பேச நமக்கு என்ன இருக்கிறது?" என்பர். நாம் தமிழில் கேட்பதற்கு அவர்கள் ஆங்கிலத்தில் விடை கூறுவர். கதை சொல்லத் தொடங்கினால் பாதியில் எழுந்து விளையாடப் போய்விடுவர். அங்ஙனமாயின், அவர்கள் விளையாடும் இடத்திற்கே நாமும் செல்வதுதான் வழி.

அமெரிக்காவில் சிகாகோ நகரை அடுத்த ஷாம்பர்க் என்னும் ஊரில், ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் 'பிரிக்வேர்ல்டு' என்னும் கூடல் நடைபெறுகிறது. லெகோ எனப்படும் சிறு பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கி மாளிகை, பாலம், கப்பல், ரயில் நிலையம் முதலியவற்றை அமைப்போர் அங்கே ஒன்றுகூடுகின்றனர். முதல் சில நாள்கள் அவர்களுக்கே உரியவை. சனி, ஞாயிறு ஆகிய இரு நாள்களிலும் பொதுமக்கள் கட்டணம் செலுத்திக் காணலாம். மகன், மருமகள், பத்து வயதுப் பேரன் ஆகியோருடன் நானும் என் துணைவியாரும் சென்றிருந்தோம். நீண்ட மேசைகளில் வரிசையாக விளங்கிய அக்காட்சி நவராத்திரிக் கொலுவை நினைவூட்டியது. அமைத்தவர்களுள் பெரும்பாலோர் சிறுவர் அல்லர். தலை நரைத்தவர்களும் இருந்தனர்.

இக்கட்டைகளின் வரலாறு அறியத்தக்கது. டென்மார்க் நாட்டில் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர், 1932ஆம் ஆண்டில் மர விளையாட்டுப் பொருள்களைச் செய்யத் தொடங்கினார். ஒருமுறை அவருடைய மகன் காட்ஃபிரட், மரவாத்துகளுக்கு மூன்று முறை பூச வேண்டிய வார்னிஷை இருமுறை மட்டும் பூசி அனுப்பிவிட்டு, செலவை மிச்சப்படுத்தியதாகப் பெருமையுடன் கூறினார். தந்தையோ, ரயில் நிலையத்திலிருந்து அவற்றைத் திரும்பக் கொண்டுவரச் செய்து, மூன்றாம் பூச்சையும் மகனே பூசி முடிக்குமாறு பணித்தார். வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாத பூச்சுதான். ஆயினும் அதை விட்டுவிட அவர் இசையவில்லை.

அந்த மகன்தான் 1958 ஜனவரி 28 அன்று, இன்று நாம் காணும் கட்டைக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். மேலே குமிழ்களும் உள்ளே குழல்களும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் அமைப்பு அது. அவ்வாண்டில் செய்த கட்டை, இன்று கடையில் வாங்கும் கட்டையோடும் பொருந்தும். பாட்டனார் விளையாடிய கட்டை பேரனுக்கும் பயன்படும் என்பது சிறிய செய்தியன்று.

பேரன் நெடுநேரம் நின்ற இடம் ஒன்று உண்டு. சிறு பந்துகளை ஏந்திச் செல்லும் பொறிகளின் நீண்ட தொடர் அது. ஒவ்வொரு பொறியும் ஒவ்வொருவர் செய்தது. ஒன்று படிப்படியாகத் தூக்குகிறது. மற்றொன்று சக்கரத்தில் ஏற்றிச் சுழற்றுகிறது. எப்படிச் செய்தாலும், சராசரியாக ஒரு விநாடிக்கு ஒரு பந்தைத் தன் கூடையில் ஏற்று, அடுத்தவர் கூடையில் சேர்க்க வேண்டும் என்பதே விதி.

"நடுவுல ஒண்ணு நின்னா என்னடா ஆகும்?" என்று கேட்டார் என் துணைவியார்.

"அதுக்கு முன்னாடி இருக்கிற கூடை வழிஞ்சிடும் பாட்டி. அப்புறம் இருக்கிறதுக்கு ஒண்ணுமே வராது" என்றான், தேடித் தேடி எடுத்த தமிழ்ச் சொற்களால்.

அன்று மாலைவரை அவன் விளக்கிக்கொண்டே வந்தான். வீடு திரும்பும் வழியில், கொலுவுக்கும் இப்படி விதி உண்டா என்று அவனாகவே வினவினான். படிகள் ஒற்றைப்படையில் அமைவது, மரப்பாச்சி முதலில் இடம்பெறுவது, வந்தவர்க்கெல்லாம் சுண்டல் கொடுப்பது என அவர் சொல்லச் சொல்ல, இடையில் எழுந்து போகாமல் கேட்டான்.

அன்பர்களே, நம் முன்னோரிடமிருந்து நாம் ஏற்றவை பல. அவை நம் கூடையிலேயே தேங்கி வழிந்தால், அடுத்த கூடை வெறுமையாகவே இருக்கும். நாம் சொல்வதைக் குழந்தைகள் கேட்க வேண்டுமென்றால், அவர்கள் சொல்வதை முதலில் நாம் கேட்போம். பேரன் கட்டைகளைப் பரப்பி அமரும்போது, நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு, "இது என்னப்பா?" என்று கேளுங்கள்.