மடி ஒண்ணும் குழாய் இல்லீங்க

போன மாசம் ஆலங்குடி பக்கம் எங்க ஊருக்குப் போயிருந்தேன். அப்பத்தா ஒரே புலம்பல். "பால்ல சத்து இல்லைன்னு காசைக் குறைச்சுட்டாங்கடா. நான் என்ன தண்ணியா ஊத்துறேன்? கடலைப் புண்ணாக்கை ரெண்டு மடங்கா வச்சும் ஏற மாட்டேங்குது!"

அப்பத்தா மேல தப்பு இல்லைங்க. சொசைட்டியில விலை போடுறது கொழுப்பையும் எஸ்.என்.எஃப்-ஐயும் வச்சு. எஸ்.என்.எஃப்ங்கறது லாக்டோஸ், தாது உப்பு, புரதம் எல்லாம் சேர்ந்தது. அதுல லாக்டோஸ் பெரிசா மாறாது (மடிநோய் வந்தா கதை வேற). ஏறி இறங்குறது பெரும்பாலும் புரதம்தான்.

அப்ப புண்ணாக்கைக் கூட்டினா புரதம் கூடணுமே? அங்கதான் சிக்கல். கடலைப் புண்ணாக்குப் புரதத்துல பெரும்பகுதி இரைப்பையிலேயே அம்மோனியாவா உடைஞ்சிடும். அதைப் பிடிச்சு நுண்ணுயிர்கள் வளரணும்னா மாவுச்சத்து வேணும். வெறும் வைக்கோலை வச்சா அம்மோனியா யூரியாவாகி மூத்திரத்துல போயிடும். காசும் கூடவே!

மிச்சம் மடிக்குப் போனாலும் அது கண்ணை மூடிட்டு வாங்காது. மெத்தியோனினை எடுத்த அளவுக்குக் கிட்டத்தட்ட பால்ல விடுது. லைசினைத் தேவைக்கு மேல எடுக்குது. 2000ல வந்த ஒரு ஆய்வுல, ஆடுகளுக்கு ஹிஸ்டிடினைக் குறைச்சப்ப மடி தன் ரத்த ஓட்டத்தையே கூட்டிக்கிச்சு!

அமெரிக்காவோட 2001 கணக்குல, உடம்புக்குக் கிடைச்ச புரதத்துல பாலுக்குப் போற பங்கு 67 சதவீதத் திறன்லதான் பாலாகும்னு ஒரே எண். 2021 பதிப்புல தனித்தனி அமினோ அமிலங்களையும் கணக்குல சேர்த்தாங்க. ஆனா அதுக்கான மாடுகள் பெரும்பாலும் ஹோல்ஸ்டீன்.

நம்மூர்ல 2012ல தொடங்கி 2019 வரை நடந்த தேசிய பால்வளத் திட்டத்துலயும் மாட்டுக்கேத்த தீவனக் கணக்கு போட்டாங்க. நல்ல வேலைதான். ஆனா எரிசக்தி, புரதம், கால்சியம், பாஸ்பரஸோட நின்னுடுச்சு.

என் கருத்து இதுதான். வைக்கோல் தின்னுற நம்ம கலப்பின ஜெர்சிக்குன்னு தனியா ஒரு கணக்கு வேணும். அதுவரைக்கும் சொசைட்டி சீட்டுல புரதத்தைத் தனியா போடுங்கப்பா. எதைச் சரிபண்ணணும்னே தெரியாம அப்பத்தா ஏன் புண்ணாக்குக்கு அழணும்?

இப்போதைக்குப் புண்ணாக்கைக் குறைச்சு, கொஞ்சம் மக்காச்சோள மாவும் பச்சைப்புல்லும் குடுக்கச் சொல்லியிருக்கேன். கால்நடை மருத்துவம் படிச்ச பதிவர்கள் யாராச்சும் இருந்தா பின்னூட்டத்துல வந்து திருத்துங்க மக்களே!