திருச்சானூர் வழக்கும் யூதர் பிரச்சினையும்

‘இந்நாட்டிலே பிறந்த எம் பிள்ளைகளுக்கு எது தாய்நாடு?’ என்று சித்தூரிலிருந்து வந்து இங்கே குடியேறிய அன்பர் ஒருவர் நமக்கு எழுதியிருந்தார். ஏறக்குறைய இதே வினாவைக் காந்தியடிகள் 1938-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் தேதி ‘ஹரிஜன்’ இதழில் யூத மக்களை நோக்கி எழுப்பினார். ஜெர்மனியில் யூதர்களுடைய கடைகள் சூறையாடப்பட்டு, அவர்களுடைய தொழுகைக் கூடங்கள் எரிக்கப்பட்டு அப்போது இரு வாரங்களே கழிந்திருந்தன.

அடிகளின் அனுதாபம் முழுவதும் யூதர் பக்கமே இருந்தது. அவர்களைக் கிறிஸ்தவ உலகின் தீண்டாதார் என்றே அவர் குறிப்பிட்டார். இரு கொடுமைகளுக்கும் சமயத்தின் பெயரால் நியாயம் கற்பிக்கப்பட்டது என்பதையும் எடுத்துக்காட்டினார். இவ்வொப்புமையின் பொருளை நம் சித்தூர் அன்பர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. 1925-ஆம் ஆண்டில், பஞ்சமர் குலத்துப் பக்தர் ஒருவர் திருச்சானூர்த் தாயார் சந்நிதிக்குள் நுழைந்தார் என்பதற்காகத் தண்டிக்கப்பட்டார். ஒத்துழையாமை இயக்கத்தில் வக்கீல் தொழிலையே துறந்திருந்த இராஜாஜி, அவ்வேழைக்காகச் சித்தூர் நீதிமன்றத்தில் மீண்டும் வாதாடினார், பக்தர் விடுதலையானார். கும்பிடப் போனவன் குற்றவாளிக் கூண்டில் நிற்க நேர்ந்த ஊர் நம்முடையது. ஆலயப் பிரவேச உரிமைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் வந்தது. ஜெர்மனியைப் பற்றிப் பேசும்போது நாம் இதை மறைத்துப் பேசலாகாது.

இனி, தாய்நாடு பற்றிய பகுதி. பிறந்து பிழைக்கும் நாட்டையே யூதர்கள் தம் நாடாகக் கொள்ளலாகாதா, பாலஸ்தீனம் அரேபியருடையதன்றோ என்று அடிகள் கேட்டார். ஜெர்மானிய யூதர்கள் அந்நாட்டை விட்டு நீங்காது சத்தியாக்கிரகம் செய்ய வேண்டும் என்றும் யோசனை கூறினார். இங்கே நாம் அடிகளோடு உடன்பட இயலவில்லை. ஜெர்மனியைத் தம் நாடென்று கொண்டவர்களே அந்த யூதர்கள். முதல் உலகப் போரில் அந்நாட்டுக்காக உயிர் நீத்தவர்களும் அவர்களில் உண்டு. ‘நீ எம்மவன் அல்லன்’ என்று கூறியது அரசாங்கமே. ஜெர்மனியை விட்டு வெளியேறி ஜெருசலேம் சேர்ந்திருந்த தத்துவ அறிஞர் மார்ட்டின் பூபர், 1939 பிப்ரவரியில் அடிகளுக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்று வரைந்தார். தென்னாப்பிரிக்க இந்தியர் பட்ட துன்பமும் ஜெர்மானியச் சிறை முகாம்களும் ஒன்றல்ல. காண்பார் எவருமின்றி மடிபவனுடைய தியாகம் காற்றில் போகும் என்பது அவர் வாதம். பின்னர் மாண்டவர்கள் சுமார் அறுபது லட்சம் பேர்.

எனினும் அரேபியரைப் பற்றி அடிகள் கூறியதைத் தள்ளிவிட முடியாது. 1948-இல் சுமார் ஏழு லட்சம் அரேபியர் வீடிழந்தனர். பூபரும் அரேபியரோடு சமமாகக் கூடி வாழும் அரசையே வேண்டியவர்.

திருத்தணியில் பிறந்து திருப்பதி மிஷன் பள்ளியில் பயின்ற டாக்டர் இராதாகிருஷ்ணன், அடிகளின் எழுபதாம் ஆண்டு நிறைவுக்காக 1939-இல் ஒரு மலர் தொகுத்தார். (திருத்தணி அப்போது சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது, 1960-இல்தான் தமிழகத்துக்கு மீண்டது.) அம்மலரில் அடிகளைப் போற்றி எழுதியோருள் நாடிழந்த யூதரான ஐன்ஸ்டைனும் ஒருவர். கருத்து வேற்றுமை மதிப்பைக் குறைக்கவில்லை.

அன்பரின் வினாவுக்கு வருவோம். பிறந்த நாட்டைத் தன் நாடாகக் கொள்ளக் குடியேறியவன் மட்டும் விரும்பினால் போதாது. அந்நாடும் அவனைக் கொள்ள வேண்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பிறந்து, அம்மண்ணிலேயே உழைத்த நம்மவர் இலட்சக்கணக்கில் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். ஆகவே அன்பர் தம் பிள்ளைக்கு இந்நாட்டின் சட்டத்தையும் கற்பிக்கட்டும். பிரஜா உரிமைப் பத்திரத்தைப் பத்திரமாக வைக்கட்டும். தமிழையும் திருச்சானூர்க் கதையையும் வீட்டிலே சொல்லித் தரட்டும்.

அடிகளின் யூத நண்பர் காலன்பாக்கை நம்மவர் மறக்கலாகாது. 1910-இல் ஜோகன்னஸ்பர்க் அருகே 1,100 ஏக்கர் நிலத்தைச் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் தங்குவதற்கு வாடகையின்றி அளித்தவர் அவரே. அங்கு வாழ்ந்தோரில் தமிழர் பலர். அடிகளோடு வந்து தங்கிய காலத்திலும் ஹிட்லருக்காகப் பிரார்த்திக்கத் தம்மால் ஆகாதென்று அவர் கூறிவிட்டார். அடிகள் அவரிடம் சினம் கொள்ளவில்லை. 1945-இல் அவர் தென்னாப்பிரிக்காவில் காலமானார். அவருடைய அஸ்தி கலிலேயா ஏரிக்கருகே டெகானியாவில் அடக்கம் செய்யப்பட்டுள்ளது.