வாழும் ஊரில் வாக்கு

நாட்டில் கட்சிகள் பெருத்துவிட்டன என்ற அலுப்பு நம்மவர்களிடையே அடிக்கடி கேட்கிறது. இருக்கும் கட்சிகளே இரண்டாக உடைந்து, ஒரே பெயருக்கும் ஒரே சின்னத்துக்கும் இரண்டு கோஷ்டிகள் அடித்துக்கொள்ளும்போது இந்த அலுப்பு இயற்கைதான். மகாராஷ்டிரத்தில் 2022-இல் சிவசேனை பிளந்தது. 2023-இல் தேசியவாத காங்கிரஸ் பிளந்தது. சட்டசபையில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவரே துணை முதல்வராகப் பதவியேற்றதையும் பார்த்தோம். "எந்தக் கட்சி வந்தால் என்ன, விடிந்தால் நமக்கு டூட்டி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இந்தப் பேச்சு சரியல்ல. பிழைப்புக்காக வேறு மாநிலம் வந்து வாழ்கிற நமக்கு இது ஆபத்தான பேச்சும் கூட.

கட்சி தாவுவது இன்று நேற்று வந்த வியாதி அல்ல. குடியரசின் முதல் பொதுத் தேர்தலிலேயே அது தலைகாட்டியது. 1952-இல் சென்னை மாகாணத்தில் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152 மட்டுமே. தேர்தலில் நிற்காத ராஜாஜி மேல்சபைக்கு நியமிக்கப்பட்டு முதல்வரானார். காங்கிரசை எதிர்த்து ஜெயித்து வந்த சிறு கட்சிக்காரர்களும் சுயேச்சைகளும் ஆளும் பக்கம் சாய்ந்தனர். தாவலைத் தடுக்க 1985-இல் சட்டமே வந்தது. சட்டம் வந்த பிறகும் வழி கண்டுபிடிப்பவர்கள் கண்டுபிடிக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் சபைக்குள்ளே எம்.எல்.ஏ.க்கள் இடம் மாறி உட்காருவது வேறு. தெருவிலிருந்து ஒரு போட்டிக் கட்சி வளர்ந்து வருவது வேறு. இரண்டையும் ஒரே தராசில் போடக்கூடாது.

அதே முதல் தேர்தலில் மக்களவையின் 489 இடங்களில் காங்கிரஸ் 364-ஐப் பிடித்தது. வாங்கிய ஓட்டோ நூற்றுக்கு 45 தான். நூற்றுக்குப் பத்துக்கு மேல் ஓட்டு வாங்கிய சோஷலிஸ்டுகளுக்குக் கிடைத்தவை 12 இடங்களே. நாட்டில் பாதிப் பேருக்கு மேல் ஆளும் கட்சிக்கு ஓட்டுப் போடவில்லை. ஆனாலும் அதை அசைக்க ஆளில்லை. அப்படிப்பட்ட நிலையில் எதிர்க்கட்சி என்று ஒன்று வளர்ந்து நிற்பது சுலபமான காரியமா?

வளர முடியும் என்று காட்டிய ஊர்களில் ஒன்று நாம் வாழும் இந்தப் புனே. மராத்தி பேசும் மக்களுக்குத் தனி மாநிலம் வேண்டும் என்ற கிளர்ச்சிக்காக 1956 பிப்ரவரியில் சம்யுக்த மகாராஷ்டிர சமிதி பிறந்தது இங்கேதான். பிரஜா சோஷலிஸ்டுகள், கம்யூனிஸ்டுகள், விவசாயி தொழிலாளர் கட்சியார், அம்பேத்கரின் இயக்கத்தார் என்று ஒருவரோடு ஒருவர் ஒட்டாதவர்களெல்லாம் ஒரே மேடையில் ஏறினார்கள். கிளர்ச்சியில் துப்பாக்கிச் சூட்டில் மடிந்தவர்கள் நூறு பேருக்கு மேல். 1957 பொதுத் தேர்தலில் புனே மக்களவைத் தொகுதியில் காகாசாகேப் காட்கில் தோற்றார். சாமானியர் அல்லர் அவர். சுதந்திரப் போராட்ட வீரர், நேருவின் முதல் மந்திரி சபையில் இருந்தவர். தனி மகாராஷ்டிரத்தை அவரும் விரும்பியவர்தான். இருந்தும் ஜனங்கள் அவருடைய கட்சிக்குப் பாடம் கற்பிக்க நினைத்தார்கள், சோஷலிஸ்டான என்.ஜி. கோரே ஜெயித்தார். மூன்றாண்டுகள் கழித்து, 1960 மே 1-இல் மகாராஷ்டிரம் பிறந்தது. துப்பாக்கிச் சூட்டால் அடங்காத குரலை ஓட்டுச் சீட்டு டில்லிக்குக் கேட்க வைத்தது என்பதில் ஐயமில்லை.

கோரிக்கை நிறைவேறியதும் சமிதி கலைந்தது. 1962 தேர்தலில் காங்கிரஸ் மகாராஷ்டிர சட்டசபையின் 264 இடங்களில் 215-ஐ அள்ளிக்கொண்டது. ஒரே கோரிக்கையை நம்பி எழுந்த கூட்டு, அது கைகூடியதும் கரைந்துவிடும் என்பதற்கு இது சான்று.

நம் தமிழ்நாட்டில் நடந்ததோ வேறு. 1949 செப்டம்பர் 17-இல் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் மழைக்கிடையே தொடங்கப்பட்ட தி.மு.க., 1957-இல் முதன்முதலாகத் தேர்தலில் நின்று 15 சட்டசபை இடங்களைப் பெற்றது. 1962-இல் 50, 1967-இல் 137. தனி நாடு கோரிக்கையை 1963-இல் கைவிட்ட பிறகும் அது கரையவில்லை. ஊருக்கு ஊர் கிளை, தெருவுக்குத் தெரு படிப்பகம், கையில் பத்திரிகை என்று பதினெட்டு வருடம் உழைத்த உழைப்பு அதற்குத் துணை நின்றது. 1965 மொழிப் போராட்டமும் அரிசித் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டன. விருதுநகரில் காமராஜரே ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். தோற்றவர் தீர்ப்பை ஏற்றுக்கொண்டார். ஜெயித்தவர்கள் அமைதியாகக் கோட்டைக்குள் போனார்கள். அந்த அமைதிதான் பெரிய விஷயம்.

ஏனெனில் நம்மோடு விடுதலை பெற்ற நாடுகள் எல்லாவற்றுக்கும் இது வாய்க்கவில்லை. பாகிஸ்தான் தன் முதல் பொதுத் தேர்தலை 1970-இல்தான் கண்டது. பர்மாவில் 1962-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அங்கே தலைமுறைகளாகப் பிழைத்த தமிழர்கள் லட்சக்கணக்கில் கைப்பெட்டியோடு கப்பலேறியதை நம்மில் பல குடும்பங்கள் அறியும். கானா 1957-இல் விடுதலை பெற்று, 1964-இல் ஒரே கட்சி நாடாகியது. கேட்பதற்கு இன்னொரு கட்சி இல்லாத இடத்தில் முதலில் அடிபடுபவன் ஏழையும் வெளியூரானும்தான்.

அதற்காக, போட்டிக் கட்சி என்றாலே நன்மை என்றும் நாம் சொல்ல வரவில்லை. அது எதன் மேல் ஏறி வளர்கிறது என்று பார்க்க வேண்டும். இலங்கையில் 1951-இல் பண்டாரநாயக்கா ஆளும் ஐக்கிய தேசியக் கட்சியை விட்டு வெளியேறிப் புதுக் கட்சி கண்டார். 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று முழங்கி ஆட்சியைப் பிடித்தார். அதே ஆண்டில் சட்டமும் செய்தார். அந்தக் கட்சி ஏறி வந்த ஏணி தமிழன் முதுகு.

இந்த மாநிலத்திலும் அந்தக் கசப்பு உண்டு. 1966 ஜூன் 19-இல் பம்பாயில் பால் தாக்கரே தொடங்கிய சிவசேனை முதலில் விரல் நீட்டியது தென்னிந்தியர்களைத்தான். ஆபீசுகளில் குமாஸ்தாவாகவும் டைப்பிஸ்டாகவும் இருந்த தென்னாட்டார் பெயர்கள் அவருடைய பத்திரிகையில் பட்டியலாக வந்தன. உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. வேட்டியும் லுங்கியும் கேலிக்குள்ளாயின. மராத்தி இளைஞனுக்கு வேலையில்லை என்பது நிஜமான குறை. அதற்குக் காரணம் பக்கத்து மேஜைத் தமிழன் என்றது பொய். பிற்பாடு அக்கட்சி வேறு கோஷங்களுக்குப் போனது, 1995-இல் பா.ஜ.க.வோடு சேர்ந்து ஆட்சிக்கும் வந்தது. அதிலிருந்து பிரிந்தவர்கள் 2006-இல் தொடங்கிய நவநிர்மாண் சேனை 2008-இல் வடநாட்டார் பக்கம் விரலைத் திருப்பியது. நம்மை விட்டு விரல் நகர்ந்ததே என்று மகிழ்வதற்கு இதில் ஒன்றுமில்லை. இன்று பீகார்க்காரன் மீது நீளும் விரல் நாளை எந்தப் பக்கமும் திரும்பலாம்.

இதற்கு மருந்து என்ன? ஆளும் கட்சி எதுவோ அதன் நிழலில் ஒதுங்கிக்கொள்வதா? ஐம்பது வருடமாக நம்மில் பலர் செய்தது அதைத்தான். நிழல் மாறும்போதெல்லாம் ஓட வேண்டியதாயிற்று. உண்மையான மருந்து மும்பையிலேயே இருக்கிறது. சயான் கோலிவாடா தொகுதியிலிருந்து 2014, 2019, 2024 ஆகிய மூன்று தேர்தல்களிலும் மகாராஷ்டிர சட்டசபைக்குச் சென்றவர் கேப்டன் தமிழ்ச்செல்வன் என்ற தமிழர். அவர் எந்தக் கட்சி, அந்தக் கட்சி நல்லதா என்பதல்ல இங்கே பேச்சு. ஒரு காலத்தில் தமிழன் பெயரைப் பட்டியல் போட்ட நகரத்திலேயே, வாக்காளர் பட்டியலில் தமிழன் பெயர் ஏறியதால், கட்சிகள் அவன் வாசலுக்கு வர வேண்டியதாயிற்று என்பதே பேச்சு.

இங்கே நம் நிலை என்ன? கட்கியிலும் தேஹு ரோட்டிலும் கேம்ப்பிலும் பிம்பிரியிலும் இருபது முப்பது வருடம் வாழ்ந்தவர்களைக் கேளுங்கள். ரேஷன் கார்டு இங்கே, பிள்ளைகளின் பள்ளி இங்கே. ஓட்டு மட்டும் சேலத்திலோ திருநெல்வேலியிலோ! தேர்தலன்று ஊருக்குப் போக லீவும் கிடைப்பதில்லை, டிக்கெட்டும் கிடைப்பதில்லை. ஆக, அங்கும் போடுவதில்லை, இங்கும் போடுவதில்லை. ஊரிலுள்ள ஓட்டு பாசத்தின் அடையாளமாக இருக்கலாம். ஆனால் அது நம் தெருக் குழாயில் தண்ணீர் கொண்டு வராது. புனே மாநகராட்சியின் காலம் 2022 மார்ச்சில் முடிந்த பிறகு மூன்று ஆண்டுகளுக்கு மேல் தேர்தலே இல்லாமல் அதிகாரியின் கையில் நிர்வாகம் இருந்தது. சாக்கடை அடைத்தால் யாரிடம் போவது என்று அந்த நாட்களில் தவித்தோமே! கார்ப்பொரேட்டர் என்று ஒருவர் இருப்பதன் அருமை அப்போது புரிந்தது. ஓட்டில்லாதவனுக்கு, கார்ப்பொரேட்டர் இருக்கும்போதும் அதே கதிதான்.

வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில் பெயர் பதிவு செய்ய 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் உரிமை தருகிறது. சொந்த வீடு தேவையில்லை. வாடகை வீடும் குவார்ட்டர்சும் போதும். இரண்டு ஊரில் பெயர் வைத்திருப்பதை அதே சட்டம் தடுக்கிறது. புதிதாகச் சேருபவருக்கு 6-ஆம் எண் படிவம். ஊரில் உள்ள பெயரை இங்கே மாற்றிக்கொள்ள 8-ஆம் எண் படிவம். பதினெட்டு நிரம்பிய பிள்ளைகளுக்கு இப்போது ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் உண்டு. ஜனவரி மட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

ரயில்வேயிலும் ராணுவத் தொழிற்சாலைகளிலும் வேலை பார்க்கும் அன்பர்கள், "சர்க்கார் உத்தியோகம், நமக்கு எதற்கு அரசியல்" என்பார்கள். நடத்தை விதிகள் கட்சியில் சேருவதையும் பிரசாரம் செய்வதையும்தான் தடுக்கின்றன. ஓட்டுப் போடுவதை அல்ல. உத்தியோகக் கட்டுப்பாடு இல்லாதவர்களோ அவரவர் மனம் போல வெவ்வேறு கட்சிகளில் சேரட்டும். தமிழர் ஓட்டு மொத்தமாக ஒரே மூட்டையாக இருந்தால், யாரோ ஒருவர் அதை விலை பேசிவிடுவார். எல்லாக் கட்சியிலும் நம்மவர் இருந்தால், எந்தக் கட்சியும் நம்மேல் ஏறி வளர நினைக்காது.

கட்சிகள் உடைவதைப் பார்த்துச் சலித்துக்கொள்வதை விட, அடுத்த முறை பட்டியல் திருத்தம் நடக்கும்போது கணவன், மனைவி, வயது வந்த பிள்ளை என்று வீட்டிலுள்ள எல்லோர் பெயரையும் சரிபார்ப்பது பயனுள்ள வேலை. 1957-இல் காட்கிலையே தோற்கடித்த ஊர் இது. அந்த ஊரின் வாக்காளர் என்ற பெயரை இனாமாகக் கிடைக்கும்போது வேண்டாமென்று விடுவானேன்?