காணோம் வேற, போயிடுச்சு வேற!

கம்ப்யூட்டரை ஆன் பண்ணினா ஹார்ட் டிஸ்க்கைக் காணோம், இல்லைன்னா டிவிடி டிரைவைக் காணோம். கடைக்குத் தூக்கிட்டுப் போனா ரெண்டே நிமிஷத்துல தீர்ப்பு. இங்க மைசூர்ல "ஹோய்த்து சார்"னு கன்னடத்துல சொல்வாங்க. நம்ம ஊர்ல "போயிடுச்சு சார்". மொழிதான் வேற, பில் ஒண்ணுதான்.

என் கட்சி இதுதான் மக்களே: காணோம்ங்கிறது வேற, போயிடுச்சுங்கிறது வேற. பேங்க்ல கேஷ் டேலி ஆகலைன்னா உடனே நஷ்டத்துல எழுதிட மாட்டோம். வவுச்சரை ஒவ்வொண்ணாப் புரட்டுவோம். பொட்டிக்கும் அதே முறைதான்.

முதல்ல பிளக்கைப் பிடுங்கிட்டு, டேட்டா கேபிள், பவர் கேபிள் ரெண்டையும் கழட்டி மாட்டுங்க. அப்புறம் வேற கேபிள், வேற போர்ட். பழைய ஐடிஇ பொட்டின்னா ஜம்பரைப் பாருங்க. ஒரே கேபிள்ல தொங்குற ஹார்ட் டிஸ்க், சிடி டிரைவ் ரெண்டும் மாஸ்டர்னு இருந்தா குழப்பம்தான். அடுத்தது பயாஸ். அங்க டிரைவ் தெரிஞ்சு விண்டோஸ்ல மட்டும் தெரியலைன்னா, டிரைவைக் குறை சொல்ல அவசரமே இல்லை. சிடி எழுதுற சாஃப்ட்வேர் ரெஜிஸ்ட்ரியில விட்டுப் போன அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் பதிவுகளாலகூட டிவிடி டிரைவ் மாயமாகும்.

பெரிய கம்பெனிகளோட கதையும் இதைத்தான் சொல்லுது. 2009 ஜனவரியில சீகேட்டே ஒத்துக்கிட்டது: ஃபர்ம்வேர் கோளாறால சில பாரகுடா 7200.11 டிஸ்க்குகள் ஆன் பண்ணும்போது பயாஸ்ல தெரியாமப் போகலாம். ஆனா உள்ள இருந்த டேட்டா பத்திரமா இருந்தது. 2011 ஜனவரி 31 அன்னிக்கு இன்டெல், தன்னோட 6 சீரிஸ் சிப்செட்ல சில சாட்டா போர்ட்கள் நாளாக நாளாக நலியும்னு அறிவிச்சது. பழுது பார்த்து மாத்திக் கொடுக்க அவங்க போட்ட கணக்கு 70 கோடி டாலர். அந்த போர்ட்ல மாட்டியிருந்த டிரைவ் மேல ஒரு தப்பும் இல்லை.

எங்க பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு ஒரு கடையில "ஹோய்த்து" சொல்லி, புது டிஸ்க்குக்கு விலையும் சொல்லிட்டாங்க. பழசுல அவர் பொண்ணோட கல்யாண போட்டோ மொத்தமும் இருந்தது. வேற காப்பி கிடையாது. சாட்டா கேபிளை மாத்தினேன், அவ்வளவுதான், டிஸ்க் வந்துடுச்சு. மனுஷன் அன்னிக்கே எல்லாத்தையும் இன்னொரு டிஸ்க்ல காப்பி எடுத்துட்டார்.

எனக்குப் பெரிய கவலை போட்டோ மட்டுமில்லை. புது டிஸ்க் மாட்டிக்கிட்டு, பழசைக் கடையிலேயே விட்டுட்டு வர்றோமே, அதுதான். அதுல பான் கார்டு ஸ்கேன் இருக்கும், பேங்க் ஸ்டேட்மென்ட் இருக்கும், வருமான வரிக் கணக்கு இருக்கும். உங்களுக்குத் தெரியாத டிஸ்க் இன்னொருத்தருக்குத் தெரியலாம். அந்த டிஸ்க் உங்க சொத்து. கேட்டு வாங்கிட்டு வாங்க.

ஒரே ஒரு விதிவிலக்கு. டிஸ்க் 'டிக் டிக்'னு தட்டுற சத்தம் போட்டா உடனே ஆஃப் பண்ணுங்க, திரும்பத் திரும்ப ஆன் பண்ணிப் பார்க்காதீங்க. அது டேட்டா மீட்கத் தெரிஞ்சவங்க வேலை. மத்தபடி யாராவது "போயிடுச்சு சார்"னா, "கேபிளை மாத்திப் பார்த்தீங்களா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க.

டிஸ்கி: நான் இன்ஜினியர் இல்லை, வெறும் பி.காம். :-)